வாசலில் சொறியும் நாய்

மட்டக்களப்பு வாவியிலே பொழுது புலர்கின்றது. இரவெல்லாம் நீரிலே நின்ற தோணிகள் ஒவ்வொன்றாகக் கரையை அடைகின்றன. வலையிலிருந்து கழித்தெறியப்படும் சிறுமீனுக்காகக் கரையில் நாய்கள் காத்து நிற்கின்றன. அவற்றுள் ஒன்று மட்டும் மீனை நோக்கவில்லை. மணலில் அமர்ந்து பின்னங்காலால் விலாவைச் சொறிகின்றது. பின்னர்த் திரும்பி வாலின் அடியைப் பல்லால் கடிக்கின்றது. மயிர் உதிர்ந்து, தோல் கறுத்துத் தடித்து, ஆங்காங்கே நீர் கசிகின்றது. அருகிலே சென்ற சிறுவனை ஒருவர் அதட்டுகின்றார்: "சொறிநாய், கிட்டப் போகாதே!" ஒரு கல் பறக்கின்றது. நாய் எழுந்து சற்றுத் தூரம் சென்று, மீண்டும் அமர்ந்து சொறிகின்றது.

ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுள்ள இவ்வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் வாழும் மக்களுக்கு இக்காட்சி புதியதன்று. "சொறிநாய்" என்ற ஒரு சொல்லோடு அந்த உயிரின் வழக்குத் தீர்ந்துவிடுகின்றது. ஆனால் சொறி என்பது நோயின் பெயரன்று, அறிகுறியின் பெயர். காய்ச்சல் என்ற ஒரு சொல்லுக்குள்ளே பல நோய்கள் அடங்கியிருத்தல் போலவே, சொறி என்ற ஒரு சொல்லுக்குள்ளும் பல நோய்கள் அடங்கியிருக்கின்றன. அவற்றுட் சில மனிதரைத் தொற்றுவன; பல தொற்றாதன. சில ஒரு மாதத்தில் நீங்குவன. சில ஆயுள் முழுதும் பேணப்பட வேண்டியன. எது எது என்று பிரித்தறியாமையே நாய்க்கும் துன்பம், வீட்டாருக்கும் துன்பம்.

வாவியோரத்து மீனவக் குடும்பம் ஒன்றை மனத்திலே கற்பனை செய்து பார்க்கலாம். வீட்டிலே தந்தை, தாய், பாட்டி, பத்து வயதுச் சிறுவன். வீரன் என்றொரு நாய். நான்கு ஆண்டுகள் வளவைக் காத்த நாய்க்கு இப்பொழுது உடலெங்கும் சொறி. முதலிலே மண்ணெண்ணெய் பூசினார்கள், புண் அதிகமாயிற்று. பின்னர் வாகனத்திலிருந்து வடித்த கழிவு எண்ணெயைப் பூசினார்கள். நாய் அதனை நக்கி வாந்தி எடுத்தது. இந்நிலையில் சிறுவனின் காலிலும் சிவந்த தடிப்புகள் தோன்றின. தந்தை முடிவு செய்துவிட்டார்: "நாளைக்குத் தோணியில் ஏற்றி அக்கரையில் விட்டுவிடுகிறேன்." சிறுவன் அன்றிரவு சோறு உண்ணவில்லை. பாட்டிதான், "தம்பி, ஒரு தரம் மிருக வைத்தியரிடம் காட்டிவிட்டுப் பிறகு செய்வதைச் செய்யப்பா" என்று சொன்னாள். அந்த ஒரு சொல்லிலே ஓர் உயிரின் கதி தொங்கி நிற்கின்றது. இவ்வழக்கின் நியாயத்தை அறிய வேண்டுமாயின், முதலில் நாயின் தோலைப் பற்றிச் சிறிது அறிதல் வேண்டும்.

தோல் என்பது உடலாகிய கோட்டைக்கு மதில். மனிதரின் மேற்றோலோடு ஒப்பிடுமிடத்து நாயின் மேற்றோல் மெல்லியது. அதிலுள்ள உயிரணு அடுக்குகள் குறைவு. அடர்ந்த மயிரே அம்மெல்லிய மதிலுக்குக் கவசம். மனிதத் தோல் சற்று அமிலத் தன்மை உடையது. நாயின் தோலோ பெரும்பாலும் நடுநிலையானது. ஆதலின் மனிதருக்கென ஆக்கப்பட்ட சவர்க்காரமும் ஷாம்பூவும் நாய்க்குப் பொருந்துவனவல்ல. மனிதரைப் போல உடலெங்கும் வியர்த்துக் குளிரும் ஆற்றலும் நாய்க்கு இல்லை. அத்தகைய வியர்வைச் சுரப்பிகள் அதன் பாதங்களிலே மட்டுமே உள்ளன. வெப்பமும் ஈரமும் மிகுந்த இவ்வாவிக்கரையில், மயிரின் அடியிலே ஈரம் தங்கினால், அது நுண்ணுயிர்களுக்கு விளைநிலமாகிவிடும்.

இனி, ஒவ்வாமை என்றால் என்ன? உடலைக் காக்கும் காவற்படை, பகைவனல்லாத ஒன்றைப் பகைவனென்று மயங்கிப் போர் தொடுப்பதே ஒவ்வாமை. 1906 ஆம் ஆண்டில் வியன்னா நகர வைத்தியர் கிளெமென்ஸ் பொன் பிர்க்கே என்பவரே அலர்ஜி என்னும் பெயரை முதன்முதலில் வழங்கினார். அறுபது ஆண்டுகள் கழித்து, 1966 இல், கிமிஷிகே இஷிசாக்கா, தெருக்கோ இஷிசாக்கா என்னும் யப்பானியத் தம்பதியர் இம்மயக்கத்துக்குக் காரணமாகும் எதிர்ப்புப் புரதத்தைக் கண்டறிந்தனர். இன்று அது இம்யூனோகுளோபுலின் ஈ என வழங்கப்படுகின்றது. மனிதருக்கு ஒவ்வாமை வந்தால் பெரும்பாலும் தும்மலும் மூக்கொழுகலும் இளைப்பும் தோன்றும். நாய்க்கோ பெரும்பாலும் தோலிலே நமைச்சலாகவே அது வெளிப்படுகின்றது. வாய் பேச இயலாத அவ்வுயிர் தன் துன்பத்தைக் காலின் நகத்தாலும் பல்லாலும் எழுதிக் காட்டுகின்றது.

நாய்களிலே காணப்படும் ஒவ்வாமைகளுள் முதன்மையானது தெள்ளினால் உண்டாவது. தெள்ளு இரத்தம் குடிப்பதற்காகத் தோலைக் குத்தும்பொழுது அதன் உமிழ்நீர் தோலினுள்ளே புகுகின்றது. அந்த உமிழ்நீருக்கு ஒவ்வாமை கொண்ட நாய்க்கு நூறு தெள்ளு வேண்டியதில்லை; ஓரிரு கடியே பல நாள் நமைச்சலுக்குப் போதும். "என் நாயில் தெள்ளே இல்லையே" என்று வீட்டார் சொல்லுவதன் காரணமும் இதுதான். நாய் ஓயாமற் கடித்தும் நக்கியும் தெள்ளை நீக்கிவிடுகின்றது. நமைச்சலோ எஞ்சி நிற்கின்றது. வாலின் அடி, முதுகின் பின்பாகம், பின்னந்தொடை ஆகிய இடங்களில் மயிர் உதிர்ந்து காணப்படுமாயின் தெள்ளையே முதலில் ஐயுற வேண்டும்.

ஐயத்தைத் தீர்க்க எளிய வழி ஒன்று உண்டு. நெருக்கமான பற்களையுடைய சீப்பினால் நாயின் முதுகைச் சீவி, விழும் கருந்தூளை நனைந்த வெள்ளைத் தாளிலே இடுதல் வேண்டும். அது வெறும் மண்ணாயின் கருமையாகவே இருக்கும். தெள்ளின் கழிவாயின், செரித்த இரத்தமாதலால், தாளிலே செந்நிறமாகப் பரவும். காசு செலவில்லாத இச்சோதனையை ஒரு சிறுவனும் செய்து பார்க்கலாம்.

தெள்ளின் வாழ்க்கையை அறிந்தவரே அதனை வெல்ல முடியும். பெண் தெள்ளு நாளொன்றுக்கு நாற்பது வரையிலும் முட்டை இடவல்லது. அம்முட்டைகள் நாயின் மயிரிலே ஒட்டுவனவல்ல. உருண்டு நிலத்திலே விழுகின்றன. நாய் படுக்கும் சாக்கிலும், திண்ணையின் வெடிப்பிலும், குசினிப் புறத்து மணலிலும் அவை பொரித்துப் புழுவாகி, கூடு கட்டி, உரிய காலத்தில் தெள்ளாக வெளிவருகின்றன. வெப்பமும் ஈரமும் இசைந்தால் இவ்வட்டம் இரண்டு மூன்று வாரங்களிலே நிறைவெய்தும். இசையாவிடின் கூட்டினுள்ளேயே மாதக்கணக்கில் காத்திருக்கும். நாயின் உடலிலே காணப்படும் தெள்ளு, வீட்டிலுள்ள தெள்ளுக் கூட்டத்தில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு மட்டுமே என்று கணக்கிட்டிருக்கின்றனர். மற்றப் பத்தொன்பது பங்கும் முட்டையாகவும் புழுவாகவும் கூடாகவும் தரையிலே கிடக்கின்றன.

இவ்விடத்தில், அக்கரைக்கு அனுப்பப்படவிருந்த வீரனை நினைத்துப் பார்க்க வேண்டும். நாயைத் தோணியில் ஏற்றலாம். தரையிலுள்ள பத்தொன்பது பங்கை எத்தோணியில் ஏற்றுவது? நாய் போனபின், கூட்டிலிருந்து வெளிவரும் தெள்ளுக்கு உண்ண வேறு உயிர் இல்லை. அது மனிதரின் கணுக்காலையே நாடும். சிறுவனின் காலிலே தோன்றிய தடிப்புகள் நாயை விலக்கினால் மறைவன அல்ல. சில காலம் மிகவுங் கூடும். "எய்தவன் இருக்க அம்பை நோவானேன்" என்பது பழமொழி. எய்தவன் தரையிலே இருக்கின்றான்; அம்புபட்டுக் கிடக்கும் நாயையே நாடு கடத்தப் புறப்பட்டார் அத்தந்தை.

தெள்ளு இல்லாதவிடத்தும் நமைச்சல் உண்டாவது உண்டு. வீட்டுத் தூசியில் வாழும் கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணிகள், பூந்தாது, பூஞ்சணத்தின் வித்துகள் முதலியன பிறவியிலேயே அத்தகைய உடலியல்பு பெற்ற நாய்களுக்கு ஒவ்வாமையைத் தருகின்றன. பெரும்பாலும் ஆறு மாதத்துக்கும் மூன்று வயதுக்கும் இடையிலே இது தொடங்கும். முகம், காது, பாதம், அக்குள், அடிவயிறு ஆகிய இடங்களை நாய் நக்கியும் தேய்த்தும் சிவக்கச் செய்யும். தூசிச் சிற்றுண்ணி ஈரக்காற்றிலே பெருகுவது. எனவே வாவியும் கடலும் சூழ்ந்த இந்நிலத்தில், மாரி மழைக்காலத்தில் வீட்டினுள்ளே அடைபட்டுக் கிடக்கும் நாய்க்கு இத்துன்பம் கூடுதல் இயல்பு.

உணவு ஒவ்வாமையும் உண்டு. மாட்டிறைச்சி, கோழியிறைச்சி, பால், கோதுமை ஆகியன நாய்களுக்கு ஒவ்வாமை விளைப்பனவற்றுள் முன்னிற்பன. நாய் பழகி உண்டுவந்த உணவே ஒவ்வாமைக்குக் காரணமாதல் கூடும் என்பது வியப்புக்குரியது. இரத்தப் பரிசோதனையால் இதனை உறுதியாகத் துணிதல் இயலாது. இதுவரை அந்நாய் உண்டறியாத புரதம் ஒன்றையும் மாச்சத்து ஒன்றையும் மட்டும் ஏறத்தாழ எட்டு வாரம் கொடுத்து, நமைச்சல் தணிகின்றதா என்று பார்த்து, பின் பழைய உணவை மீண்டும் கொடுத்து நமைச்சல் திரும்புகின்றதா என்று காண்பதே வழி. மேலைநாட்டு நூல்களிலே, இவ்வாறான சோதனைக்கு மீனைக் கொடுக்கலாம் என்று எழுதப்பட்டிருக்கக் காணலாம். மட்டக்களப்பு வாவிக்கரை நாய்க்கு அது பொருந்துமா? குட்டிப் பருவந்தொட்டு மீன் தலையும் சோறும் உண்டு வளர்ந்த நாய்க்கு மீன் புதிய உணவாகுமா? ஏட்டறிவை இடமறிந்து பயன்படுத்த வேண்டும் என்பதற்கு இஃதொரு நல்ல எடுத்துக்காட்டு.

ஒவ்வாமை வெறும் நமைச்சலோடு நின்றுவிடுமாயின் இத்துணை இடர் இல்லை. சொறியச் சொறியத் தோலின் மதில் உடைகின்றது. உடைந்த மதிலின் வழியே, அதுவரை வெளியிலே அமைதியாக வாழ்ந்த நுண்ணுயிர்கள் உட்புகுகின்றன. அவற்றுள் இரண்டு குறிப்பிடத்தக்கன. ஒன்று ஸ்டெபிலோகொக்கஸ் சூடிண்டர்மீடியஸ் என்னும் பற்றீரியா. நலமுள்ள நாயின் தோலிலும் வாழும் இது, 2005 ஆம் ஆண்டிலேதான் தனி இனமாக விவரிக்கப்பட்டது. இது பெருகினால் சீழ்க்கொப்புளங்களும், வட்டமாக மயிர் உதிர்ந்து ஓரத்திலே செதில் எழும் தழும்புகளும் தோன்றும். மற்றையது மலசீசியா என்னும் மதுவம். 1925 இல் வைட்மன் என்னும் அறிஞர் இந்தியக் காண்டாமிருகம் ஒன்றின் செதில் படிந்த தோலிலிருந்து இதனைப் பிரித்தெடுத்தார். அதனாலேயே தடித்தோல் விலங்கைக் குறிக்கும் அடைமொழி இதன் பெயரிலே இன்றும் ஒட்டி நிற்கின்றது. இது பெருகிய நாயின் தோல் பிசுபிசுப்பாகிக் கறுத்துத் தடித்து, யானைத்தோல் போலாகும். ஊசிய நெய் போன்ற நாற்றம் வீசும். காதிலே பழுப்பு நிற அழுக்குத் திரளும்.

இந்நுண்ணுயிர்கள் தாமும் நமைச்சலை விளைக்கின்றன. நமைச்சலால் சொறிகின்றது, சொறிவதால் தொற்றுகின்றது, தொற்றுவதால் மேலும் நமைக்கின்றது. செக்குமாடு போலச் சுற்றும் இவ்வட்டத்தை எங்கேனும் ஓரிடத்தில் அறுத்தாலன்றி நோய் தீராது. தொற்றை மட்டும் நீக்கி ஒவ்வாமையை விட்டால் தொற்று மீளும். ஒவ்வாமைக்கு மட்டும் மருந்திட்டுத் தொற்றை விட்டால் நமைச்சல் நிற்காது. இரண்டையும் ஒருங்கே நோக்குவதே வைத்தியரின் திறமை.

ஒவ்வாமையல்லாத சொறிகளும் உள; அவற்றை வேறு பிரித்தறிதல் வேண்டும். முதலாவது, தோலினுள்ளே சுரங்கம் தோண்டி வாழும் சிற்றுண்ணியால் வரும் சொறி. சொறிக்குக் காரணம் ஓர் உயிரியே என்னும் உண்மையை, மனிதரின் சொறியை ஆராய்ந்து 1687 ஆம் ஆண்டிலே வெளியிட்டவர் இத்தாலிய வைத்தியர் பொனோமோ. நாயிலே காதோரம், முழங்கை, பின்னங்காலின் கணு, அடிவயிறு ஆகிய இடங்களில் இது தொடங்கி உடலெங்கும் பரவும். காதின் ஓரத்தை விரலாலே தேய்த்தவுடன் நாய் பின்னங்காலை உயர்த்திச் சொறியத் தொடங்குவது இதற்கு ஓர் அடையாளம். இந்நோய் மற்ற நாய்களுக்கு விரைவிலே தொற்றும். நெருங்கிப் பழகும் மனிதருக்கும் கையிலும் வயிற்றிலும் நமைச்சலுள்ள பருக்களைத் தரும். எனினும் நாய்க்குரிய அச்சிற்றுண்ணி மனிதத் தோலிலே நிலைத்துப் பெருகுவதில்லை. நாய்க்கு வைத்தியம் செய்தால் மனிதரின் நமைச்சலும் பெரும்பாலும் சில வாரங்களிலே அடங்கும்.

இரண்டாவது, மயிர்க்கால்களிலே வாழும் டெமொடெக்ஸ் என்னும் சிற்றுண்ணி. இது பிறந்த சில நாட்களில் தாயிடமிருந்து குட்டிக்கு வருவது, மனிதருக்குத் தொற்றாது. உடல் வலிமை குன்றிய குட்டியிலும், வேறு நோயுற்ற முதிய நாயிலும் இது பெருகி மயிரை உதிர்க்கும். குட்டியிலே அங்குமிங்குமாகத் தோன்றுவது பெரும்பாலும் தானே மாறும். மூன்றாவது, படர்தாமரை. இது பங்கசினால் வருவது, சிறுவர்க்குத் தொற்றவல்லது. நான்காவது, கொழுக்கிப் புழு. நாயின் மலத்தோடு வெளியேறும் முட்டைகள் ஈரமணலிலே பொரித்து, அப்புழுக்கள் நாயின் பாதத் தோலையும், வெறுங்காலோடு நடக்கும் மனிதரின் தோலையும் துளைத்து உட்புகுகின்றன. மனிதத் தோலிலே அவை ஊர்ந்த வழி சிவந்த கோடுகளாகத் தெரியும். இப்புழுக்களில் ஓர் இனம், 1911 இல் இலங்கையின் புனுகுப்பூனை ஒன்றிலிருந்து கண்டு விவரிக்கப்பட்டமையால், இலங்கையின் பெயரையே தாங்கி நிற்கின்றது. ஐந்தாவது, நுளம்பினாற் பரவி நாயின் தோலின் கீழே வாழும் டைரோபிலாரியா என்னும் நூற்புழு. இதனால் தோலில் முடிச்சுகளும் சில வேளை நமைச்சலும் உண்டாகும். மனிதரின் கண்ணிமையிலும் தோலின் கீழும் இப்புழு காணப்பட்ட நிகழ்ச்சிகள் இலங்கையில் பல. நுளம்பு பெருகும் இடங்களிலெல்லாம் இதனை மறத்தலாகாது.

இத்தனை காரணங்கள் இருக்க, எல்லாவற்றுக்கும் ஒரே கழிவு எண்ணெயைப் பூசுவது எங்ஙனம் பொருந்தும்? அவ்வெண்ணெயிலே நச்சு உலோகங்களும் கல்லெண்ணெய்ப் பொருள்களும் கலந்திருக்கின்றன. அவை தோலைப் புண்ணாக்குகின்றன. நாய் நக்கும்போது வயிற்றிலும் புகுகின்றன. மண்ணெண்ணெய் தோலைச் சுட்டு மதிலை மேலும் உடைக்கின்றது. வாவியின் உவர்நீரிலே தள்ளிவிடுவதும் நன்றன்று. உப்பு படிந்து உலர்ந்தால் புண்ணுள்ள தோல் மேலும் எரியும்.

ஆயினும் முன்னோர் கைக்கொண்டவை யாவும் பயனற்றன என்று ஒதுக்குதலும் அறிவுடைமையன்று. சொறிக்குக் கந்தகம் சிறந்தது என்னும் பழைய கொள்கை உண்மையே. முறையாகக் கலந்து ஆக்கப்பட்ட கந்தகச் சுண்ண நீரை இன்றும் மிருக வைத்தியர் பயன்படுத்துகின்றனர். வேம்புக்கு உண்ணி முதலியவற்றை ஓரளவு அகற்றும் இயல்பு உண்டு. ஆயினும், நீர் வடியும் புண்ணின்மேல் மஞ்சளையும் சாம்பலையும் அப்பி மூடிவிட்டால், அடியிலே சீழ் கட்டும். முன்னோர் மருந்து துணையாகலாம். நோயறிதலுக்கு அது மாற்றாகாது.

இனி வைத்திய முறை. தெள்ளு ஒவ்வாமையாயின், அந்த நாய்க்கு மட்டுமன்றி, வளவிலுள்ள எல்லா நாய்க்கும் பூனைக்கும் ஒருங்கே தெள்ளு மருந்து இடல் வேண்டும். ஓரிரு மாதம் இட்டு நிறுத்தாது தொடர்தல் வேண்டும். நாய்க்குரிய சில மருந்துகளில் பெர்மெத்ரின் சேர்ந்திருக்கும். அது பூனைக்கு உயிர்க்கேடு செய்யும் நஞ்சு. ஆதலின் நாயின் மருந்தைப் பூனைக்கு இடுதல் ஒருபோதும் ஆகாது. 2014 ஆம் ஆண்டளவில் வழக்குக்கு வந்த புதிய மாத்திரைகள் சில, ஒரு மாதமோ அதற்கு மேலுமோ தெள்ளையும் உண்ணியையும் கொல்லவல்லன. மருந்தோடு துடைப்பமும் வேண்டும். நாய் படுக்கும் சாக்கை வாரந்தோறும் கொதிநீரில் இட்டுக் கோடை வெயிலில் உலர்த்துதல், திண்ணையின் வெடிப்புகளைக் கூட்டி அள்ளி எரித்தல், கூரையடி நிழல்மணலை அகற்றுதல் ஆகிய இவை செலவில்லாத வைத்தியம்.

தொற்றுக்கு, குளோரெக்சிடின் சேர்ந்த மருந்து ஷாம்பூ நன்கு பயன்படும். நுரையைப் பூசியவுடன் கழுவிவிட்டால் பயனில்லை; பத்து நிமிடம் தோலிலே நிற்க விட்டு, பின் நல்ல நீரால் கழுவி, ஈரம் தங்காமல் துடைத்து உலர்த்துதல் வேண்டும். நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரை தேவைப்படின், வைத்தியர் குறித்த அளவிலே, குறித்த நாள் முழுவதும் கொடுத்தல் வேண்டும். புண் ஆறியது கண்டு இடையிலே நிறுத்துவதும், வீட்டிலே எஞ்சிய மனித மாத்திரையை நாய்க்குக் கொடுப்பதும், மருந்துக்கு அடங்காத பற்றீரியாக்களை வளர்ப்பதாகும். அத்தகைய பற்றீரியாக்கள் இன்று உலகெங்கும் நாய்களிலே காணப்படுகின்றன.

ஐவர்மெக்ரின் என்னும் மருந்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. யப்பானிய மண்ணிலே கிடைத்த நுண்ணுயிர் ஒன்றிலிருந்து பிறந்த இம்மருந்தின் கண்டுபிடிப்புக்காகச் சத்தோஷி ஓமுரா, வில்லியம் காம்பெல் ஆகிய இருவருக்கும் 2015 இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. சொறிச் சிற்றுண்ணிக்கு இது நல்ல மருந்தே. ஆனால் மாட்டுக்குரிய ஊசி மருந்தைக் கண்மதிப்பிலே நாய்க்கு ஏற்றினால் அது மூளையைத் தாக்கி உயிரையும் குடிக்கும். கொலி முதலிய சில இன நாய்களும் அவற்றின் கலப்பினங்களும் சிறிய அளவையும் தாங்கமாட்டா. ஸ்டீரொயிட் வகை மருந்துகளும் அவ்வாறே: நமைச்சலை விரைந்து தணிக்கும், அளவின்றித் தொடர்ந்தால் தோலை மெலிவித்து, தொற்றைப் பெருக்கி, வேறு நோய்களுக்கு வாயில் திறக்கும். நமைச்சலை அடக்கும் ஒக்லசிற்றினிப் என்னும் மாத்திரை 2013 இல் அமெரிக்காவிலே அங்கீகாரம் பெற்றது; இவ்வகை மருந்துகள் பல நாய்களுக்கு நல்வாழ்வு தந்துள்ளன. எனினும் பிறவி ஒவ்வாமையை வேரோடு களையும் மருந்து இல்லை. அதனை அடக்கி ஆளலாம், அழிக்க இயலாது. இவ்வுண்மையை முதலிலேயே அறிந்த வீட்டார் மருந்துக்கு மருந்து மாற்றி மனம் சலிக்கமாட்டார்கள்.

கற்பனைக் குடும்பத்துக்குத் திரும்பலாம். அரச கால்நடை வைத்திய அலுவலகத்திலே வைத்தியர் வீரனைச் சீவிப் பார்க்கின்றார். தாளிலே சிவப்புப் பரவுகின்றது. தோலைச் சுரண்டி நுண்ணோக்கியின் கீழே பார்க்கின்றார், சிற்றுண்ணி இல்லை. "ஐயா, இது தெள்ளு ஒவ்வாமை, அதன்மேல் பற்றீரியாத் தொற்று. பிள்ளையின் காலில் இருப்பதும் தெள்ளுக் கடிதான். நாயை அக்கரைக்குக் கொண்டுபோனால் தெள்ளு இக்கரையில் உங்களோடுதான் இருக்கும்" என்கின்றார். தந்தை சிறிது நேரம் பேசாமல் நிற்கின்றார். பின் மகனை நோக்கி, "சாக்கைக் கொதிக்க வைக்க வேண்டும், வா" என்று சொல்லுகின்றார். அவ்வளவுதான். மூன்று மாதத்தின் பின் வீரனின் முதுகிலே மயிர் முளைத்திருக்கின்றது. அடுத்த ஆண்டு கவனம் தளர்ந்தால் சொறி மீண்டும் வரும். அதனையும் அக்குடும்பம் இப்பொழுது அறியும்.

வீடுடைய வீரனுக்கு இவ்வாறு வழி பிறந்தது. வீடில்லாத தெருநாய்களுக்கு யார் வழி காட்டுவது? தெருவிலே சொறிநாயைக் கண்டதும் பலர் அதனை விசர்நாய் என்று அஞ்சிக் கல்லெறிகின்றனர். சொறி வேறு, விசர் வேறு. விசர்நாய்க்கடி நோயைத் தடுக்க இலங்கையிலே 1893 ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டது. 1973 இல் இந்நாட்டில் 377 பேர் அந்நோயால் மாண்டனர். தடுப்பூசி பெருகப் பெருக அத்தொகை பெரிதும் குறைந்தது. 2006 ஆம் ஆண்டில் தெருநாய்களைக் கொல்லும் முறை கைவிடப்பட்டு, கருத்தடையும் தடுப்பூசியும் வழியாக மேற்கொள்ளப்பட்டன. சொறிநாய் விசர்நாயாகாதெனினும், நோவினால் வாடும் எந்நாயும் தொட்டால் கடிக்கலாம். எனவே சிறுவர் அதனைத் தொடாது பெரியவர்க்கு அறிவித்தல் வேண்டும். கடித்துவிட்டாலோ, காயத்தைச் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்லுதல் வேண்டும்.

"நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்தாலும்" என்று தொடங்கும் பழமொழியை எல்லோரும் அறிவர். நாயை நடுவீட்டில் வைக்க வேண்டும் என்று எவரும் கேட்கவில்லை. வாசலிலே கிடந்து வளவைக் காக்கும் உயிருக்கு, நமைச்சலின்றி ஓரிரவு உறங்கும் உரிமையையேனும் கொடுக்கலாம் என்பதே கேள்வி. பாண்டிருப்புத் திரௌபதி அம்மன் ஆலயத்திலே பாரதம் கேட்டு வளர்ந்த மக்கள், தன்னைத் தொடர்ந்து வந்த நாயை விட்டுவிட்டுத் தனக்குச் சுவர்க்கம் வேண்டாம் என்று மறுத்த தருமரை மறந்திருக்க மாட்டார்கள். தாகத்தால் மண்ணை நக்கிய நாய்க்கு நீர் முகந்து கொடுத்தவரின் பாவம் மன்னிக்கப்பட்ட செய்தியை, இவ்வாவிக்கரையிலே அவர்களோடு அருகருகே வாழும் இஸ்லாமிய மக்களும் அறிவார்கள்.

வாசலிலே ஒரு நாய் சொறிகின்றது. கையிலே எடுத்த கல்லைக் கீழே போட்டுவிட்டு, ஒரு சீப்பையும் நனைந்த வெள்ளைத் தாளையும் எடுத்துக்கொண்டால், அந்த நாயின் துன்பத்துக்கு முடிவு தொடங்கிவிடும்; அந்த வீட்டுப் பிள்ளையின் காலிலுள்ள தடிப்புக்கும் அன்றே மருந்து தொடங்கிவிடும்.